வழக்கும் வழிநூலும் – பழைய ஜப்பானிய மின்கிட்டார்களை முன்வைத்து

"அப்பா, இது டூப்ளிகேட்டா?"

ஈராண்டுகளுக்கு முன்பு ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்த பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்த கிட்டாரைக் கட்டிலின்மேல் கிடத்திய மறுநொடியில் நம் மகள் கேட்ட கேள்வி இது. அவள் கேட்டதில் பிழையில்லை. நாம் வாங்கியது 1979-ஆம் ஆண்டின் 'கிரெகோ'. பெட்டியிலிருந்து வந்த கிட்டாரின் தலைப்பகுதியிலோ புகழ்பெற்ற ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

விற்றவர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் எண்ணினோம். பழைய விளம்பரத்தை மீண்டும் எடுத்துப் படித்தபோது உண்மை விளங்கிற்று. முந்தைய உரிமையாளர் பெயரை மாற்றிவிட்டார் என்று அவர் ஜப்பானிய மொழியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். கணினி மொழிபெயர்ப்பு அதனைப் 'பெயர் மாற்றம் செய்யப்பட்டது' என்ற பொருளில் தந்தது. நாமோ பட்டா பெயர் மாற்றம் போல் ஏதோ கைமாற்றுச் சடங்கு என்று எண்ணிக் கடந்துவிட்டோம்! இருபதாண்டுகளாக மாணவர்க்கு உரைநயம் கற்பிக்கும் ஒருவர், அரைமாதச் சம்பளத்துக்கும் மேலான பணத்தை ஒரு வரியைச் சரியாகப் படிக்காமல் செலவிட்டார் என்பதே இதன் சாரம்.

எனினும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. பழைய ஜப்பானிய மின்கிட்டார்களை இணையத்தில் தேடி வாங்குவோர் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். அவர்கள் நாவிலும் விற்போர் நாவிலும் ஓயாது புழங்கும் ஒரு சொற்றொடர் 'லாசூட் கிட்டார்', அதாவது வழக்குக்குள்ளான கிட்டார். அச்சொல் ஒட்டிக்கொண்டால் விலை ஏறுகிறது. அச்சொல் எங்கிருந்து வந்தது, அது மெய்தானா, இக்கருவிகளைப் போலி என்பது தகுமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கதையைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

ஜப்பானில் மின்கிட்டாரை 'எலெக்கி' என்றே செல்லமாக அழைத்தனர். 1965-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க வாத்தியக் குழுவான 'வென்ச்சர்ஸ்' அங்கு நடத்திய இசைப்பயணம் பெரும் அலையொன்றை எழுப்பிற்று. ஊருக்கு ஊர் இளைஞர்கள் கிட்டாரைக் கையிலெடுத்தனர். பெரியவர்கள் அஞ்சினர். அதே ஆண்டில் தொச்சிகி மாநிலத்தின் அஷிகாகா நகரக் கல்வி வாரியம் மாணவர்க்கு மின்கிட்டாரைத் தடைசெய்யும் அளவுக்கு அவ்வச்சம் சென்றது. அக்காலத்து இளைஞர் மனத்தை அஷிஹாரா சுனாவோ ஒரு நாவலாக்கினார். 1991-இல் நவோகி பரிசு பெற்ற அந்நாவலின் பெயர் 'சேய்ஷுன் டென்டெகெடெகெடெகெ'. 'சேய்ஷுன்' என்பது இளமை. எஞ்சியது கிட்டாரின் தடித்த கம்பியில் விரல் வழுக்கி இறங்கும்போது எழும் ஒலிக்குறிப்பு. நம் ஒலிக்குறிப்புச் சொற்களில் தோய்ந்தோர்க்கு இத்தலைப்பே ஒரு விருந்து.

இந்த அலைக்குத் தீனி போட்டவை உள்நாட்டுப் பட்டறைகள். 1946-இல் டோக்கியோவில் தொடங்கிய டெய்ஸ்கோ, அதற்கும் முற்பட்ட குயாடோன் முதலியவை அவற்றுள் முக்கியமானவை. நான்கு பிக்கப்புகளும் வரிசை வரிசையாகச் சொடுக்கிகளுமாக, எவரையும் பின்பற்றாத விந்தை வடிவங்களை அவை படைத்தன. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் இவை மலிவு விலையில் விற்றன. அங்குள்ள சிறுவர் பலருக்கு முதல் கிட்டாராகவும் அமைந்தன. அலை அடங்கியதும் பட்டறைகள் பல தள்ளாடின. டெய்ஸ்கோவை 1967-இல் கவாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அடுத்து வந்ததே நகல்களின் காலம். நகோயா நகரின் ஹோஷினோ நிறுவனத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது 1908-இல் ஒரு புத்தகக் கடையின் இசைக்கருவிப் பிரிவாகத் தோன்றியது என்பதை அறிந்தபோது நமக்கு அதன்மேல் தனி அன்பு பிறந்துவிட்டது. பின்னாளில் ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் வினைஞர் ஒருவரின் பெயரான 'இபானெஸ்' என்பதைத் தன் வணிகப் பெயராக்கிக்கொண்டது. அதற்குக் கருவி செய்துகொடுத்தவற்றுள் முதன்மையானது நாகானோ மாநிலத்து மட்சுமொட்டோ நகரின் ஃபுஜிகென் ஆலை. உழவர் ஒருவர் கூட்டாளியுடன் சேர்ந்து 1960-இல் மாட்டுக்கொட்டிலில் தொடங்கிய தொழில் அது. அதே நகரின் மட்சுமொகு ஆலை, தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்த கைகளைக் கொண்டு கிட்டார் செய்தது. கிரெகோ என்ற பெயரில் விற்ற கண்டா ஷோகாய், ஹமாமட்சுவின் டோக்காய், ஃபெர்னாண்டஸ் என்று பட்டியல் நீளும்.

இவர்கள் எழுபதுகளில் கிப்சன், ஃபெண்டர் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் ஐம்பதுகளின் வடிவங்களை எடுத்துக்கொண்டு அச்சு அசலாகச் செய்யலாயினர். தொடக்கத்தில் வெளித்தோற்றம் மட்டுமே ஒத்திருந்தது. ஒட்டுப்பலகை உடல், திருகாணியால் பிணைத்த கழுத்து, உள்ளே வெற்றிடம் என்ற நிலை. ஆண்டுதோறும் அவர்கள் கற்றனர். எழுபதுகளின் இறுதிக்குள் கழுத்தை உடலோடு பசையிட்டுப் பொருத்துவது, மரத்தைத் தேர்வது, பிக்கப்பின் கம்பிச்சுற்று ஆகிய ஒவ்வொன்றிலும் மூலத்தை எட்டிப் பிடித்தனர். அதே காலத்தில் மூலத்தை ஆக்கியோர் நிலை என்ன? ஃபெண்டர் 1965-இலேயே சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கிப்சனும் 1969-இல் கைமாறி நார்லின் என்னும் குழுமத்தின்கீழ் வந்தது. அவற்றின் தரம் தாழ்ந்ததாக இசைஞர் பலர் குறைபட்ட காலம் அது.

இக்கருவிகளின் மாதிரி எண்களிலும் ஒரு சுவை உண்டு. கிரெகோ இ.ஜி.500 என்றால் ஐம்பதாயிரம் யென்; டோக்காய் எல்.எஸ்.80 என்றால் எண்பதாயிரம் யென். விலையையே பெயராகச் சூட்டிய நேர்மை அது! எந்தக் கருவி எந்தத் தரத்தது என்பதை அதன் பெயரே சொல்லிவிடும்.

இனி வழக்குக்கு வருவோம்.

1977 ஜூன் மாதத்தில் நார்லின் நிறுவனம் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. யார் மீது? ஹோஷினோவின் அமெரிக்கக் கிளையான எல்கர் என்ற ஒரே நிறுவனத்தின் மீது. எதைப் பற்றி? பிருடைகள் பொருந்திய தலைப்பகுதியின் மேல்விளிம்பு வளைவைப் பற்றி. திறந்து கவிழ்த்த புத்தகத்தை ஒத்திருப்பதால் அவ்வளைவுக்குத் 'திறந்த புத்தகம்' என்றே பெயர். இபானெஸோ அந்த வளைவை அதற்கு முன்பே, 1976 அளவிலேயே மாற்றத் தொடங்கிவிட்டது. 1978 தொடக்கத்தில் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு கண்டன. தீர்ப்பு என்று ஒன்று எழுதப்படவேயில்லை.

இவ்வளவுதான் வழக்கு! ஒரு நிறுவனம், ஒரு வளைவு, சில மாதங்கள்.

இன்று இணையச் சந்தையில் 'வழக்குக்குள்ளான கிட்டார்' என்ற பெயரில் விற்பவற்றைப் பாருங்கள். டோக்காய் மீது அவ்வழக்கு இல்லை. பர்னி மீது இல்லை. ஃபெண்டர் வடிவத்து நகல்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எண்பதுகளில் செய்தவையும் அப்பட்டியலில் வரிசை கட்டி நிற்கின்றன. தமிழில் 'வழக்கு' என்பதற்கு நீதிமன்ற வழக்கு என்றும் பொருள், மக்கள் நாவில் வழங்குவது என்றும் பொருள். நீதிமன்றத்தில் நில்லாத வழக்கு உலக வழக்கில் நிலைத்துவிட்டது என்பதே இங்கு நிகழ்ந்திருப்பது.

சொல் தவறாக வழங்குவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. அச்சொல் கருவியின் பெருமையைக் குற்றம் சாட்டியவரின் வாயிலிருந்து எடுத்துத் தருகிறது. 'அமெரிக்கரே அஞ்சி வழக்குப் போடும் அளவுக்கு நல்ல கிட்டார்' என்பதே அச்சொல் சொல்லாமற் சொல்லும் பொருள். ஆகவே எந்த ஆலை செய்தது, எந்த ஆண்டு, எந்தத் தரம் என்று வாங்குவோர் கேட்பதில்லை. 1972-இன் ஒட்டுப்பலகை நகலும் 1979-இன் தேர்ந்த கைவினையும் ஒரே சொல்லால் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. முன்னதை வாங்கியவர் ஏமாறுகிறார். பின்னதைச் செய்தவர் மறக்கப்படுகிறார்.

இவற்றைப் போலி என்பது தகுமா? நம் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பகுத்தது. முன்னோர் நூலின் முடிபுகளை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல். அதனை எவரும் திருட்டு என்று இகழ்ந்ததில்லை. நாம் வகுப்பறையில் நடத்தும் சங்கப் பாடல்கள்கூட நூற்றாண்டுகள்தோறும் பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகளின் வழியே வந்தவைதாமே! நகலெடுத்த கைகள் இல்லையேல் மூலம் இல்லை. ஜப்பானிய வினைஞர்களும் வழிநூலோடு நின்றுவிடவில்லை. யமஹாவின் எஸ்.ஜி.2000 கிட்டார் 1976-இல் சொந்த வடிவோடு வெளிவந்து, கார்லோஸ் சந்தானாவின் கையில் புகழ்பெற்றது. இபானெஸ் எழுபதுகளிலேயே 'ஐஸ்மேன்' போன்ற தனி வடிவங்களைப் படைத்தது. எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாக 1982-இல் ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானுக்குச் சென்று, கண்டா ஷோகாய், யமானோ ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து, தன் பழைய வடிவங்களை ஃபுஜிகென் ஆலையிலேயே செய்வித்தது. வழிநூல் எழுதியவரிடமே முதல்நூலின் மறுபதிப்பை ஒப்படைத்த கதை இது.

மறுதரப்பையும் மறைக்கக் கூடாது. கிரெகோவின் பெயரெழுத்து தொலைவிலிருந்து பார்த்தால் கிப்சன் போலவும், டோக்காயின் எழுத்து ஃபெண்டர் போலவும் மயக்கம் தருமாறு வரையப்பட்டவைதாம். அறியாமல் நிகழ்ந்த ஒற்றுமையன்று அது, வணிகத் தந்திரமே. பிறர் உழைத்துக் கண்ட வடிவத்தின் ஊதியத்தில் பங்கு கொண்டனர் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும். அருகில் வந்து படிப்பவனுக்கு அவர்கள் பொய் சொல்லவில்லை. எழுத்தின் சாயல் எதுவாயினும் எழுதப்பட்டிருந்தது 'கிரெகோ' என்ற அவர்தம் பெயரே.

அப்பெயரை இன்று சுரண்டி அழிக்கிறார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது? பழைய கிரெகோ, டோக்காய், பர்னி கிட்டார்களின் தலைப்பகுதியைத் தேய்த்து, அமெரிக்கப் பெயரை ஒட்டி அழகு பார்ப்போரும், அதையே மூலம் என்று விற்போரும் மலிந்துவிட்டனர். செய்தவன் தன் பெயரிட்டு விற்ற நகலை, நாற்பதாண்டுகளுக்குப் பின் வந்தவன் போலியாக்குகிறான். பிறர் நூலின் முகப்பில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வோர் உண்டு. பிறர் நூலில் மூன்றாமவர் பெயரைப் பொறிக்கும் விந்தை இங்குதான்!

இன்னொரு கொடுமையும் நிகழ்கிறது. அறுபதுகளின் டெய்ஸ்கோ கிட்டார்களில் பொற்றகடு போர்த்திய பிக்கப்புகள் இருந்தன. அமெரிக்கக் கிட்டார் மேதை ரை கூடர் அவற்றுள் ஒன்றைத் தம் கிட்டாரில் பொருத்திக்கொண்டார். அதன் ஒலி புகழடைந்தது. அதன்பின் அந்தப் பிக்கப்புக்காகவே பழைய கிட்டாரை வாங்கி, அதனைப் பிடுங்கியெடுத்து, எஞ்சிய உடலை எறிவோர் பெருகினர். ஓவியத்துக்காக ஏட்டைக் கிழிப்பது போன்றது இது. அரைநூற்றாண்டு முழுதாகப் பிழைத்த கருவி, விலை உயர்ந்ததாலேயே அழிகிறது.

வாங்க விரும்புவோர் என் செய்வது? அடிபட்டவர் என்ற உரிமையில் சில சொல்வோம்.

இந்தச் சந்தையின் ஊற்று ஜப்பானிய ஏலத் தளங்கள். 1999-இல் தொடங்கிய யாஹூ ஜப்பான் ஏலமே அவற்றுள் மூத்தது. தனியாட்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. இடையில் முகவர் ஒருவர் ஏலம் கேட்டு, பெற்று, அனுப்ப வேண்டும். முகவர் கட்டணம், உள்நாட்டு அஞ்சல், வெளிநாட்டு அஞ்சல், நம் நாட்டுச் சுங்கம் ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்த பின்னரே விலை மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். 'ஜங்க்' என்று குறித்திருந்தால் பழுது எதுவாயினும் நம் தலையில் என்று பொருள். 'நோ கிளைம், நோ ரிட்டர்ன்' என்பது அங்கு நாள்தோறும் புழங்கும் வாசகம். முறையிடவும் முடியாது, திருப்பவும் முடியாது. விற்பவர் குறையைப் பெரும்பாலும் ஒரு வரியிலேனும் எழுதிவிடுகிறார். அந்த ஒரு வரியை ஜப்பானிய மொழி அறிந்த ஒருவரிடம் காட்டிப் படிக்கச் செய்யுங்கள். நாம் இழந்தது அந்த ஒரு வரியில்தான்.

அடுத்து, கருவியைப் பாடபேத ஆய்வு போல் படிக்க வேண்டும். ஃபுஜிகென் செய்த கிட்டார்கள் பலவற்றில் வரிசை எண்ணின் முதலெழுத்து மாதத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். மூடியைத் திறந்து உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கழுத்து உடலோடு சேரும் இடம், பிக்கப்பின் முதுகு, பற்றவைப்பின் பழமை, திருகாணித் துளைகளின் எண்ணிக்கை ஆகியவை பொய் சொல்வது அரிது. துளைகள் கூடுதலாக இருந்தால் அங்கே இடைச்செருகல் நிகழ்ந்திருக்கிறது. கழுத்தினுள் ஓடும் இரும்புத் தண்டின் திருகு இன்னும் சுழல்கிறதா என்றும் கேளுங்கள். அது இறுகிப்போயிருந்தால் கிட்டார் சுவரில் மாட்டத்தான் உதவும். பின்னோக்கிச் சாய்ந்த தலைப்பகுதி கொண்டவை கழுத்தோரம் முறியும் இயல்புடையவை. அவ்விடத்தின் பின்புறப் படத்தைப் பெறாமல் பணம் அனுப்பாதீர்கள்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். இக்கிட்டார்கள் பலவற்றின் விரற்பலகை ரோஸ்வுட், அதாவது நம் மலைகளில் வளரும் ஈட்டி என்னும் தோதகத்தியின் இனம். 2017 ஜனவரி முதல் இவ்வின மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 இறுதியில் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டுக்கு மட்டும் அவ்விலக்கு இல்லை. 'பிரேசில் ரோஸ்வுட்' என்று பெருமையாக எழுதியிருந்தால் இருமுறை எண்ணுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'வழக்கு' என்ற சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ஆலையின் பெயரையும் ஆண்டையும் கேளுங்கள். அவை தெரியாதவர் அச்சொல்லை மட்டும் விற்கிறார்.

1985-இல் ஐந்து நாடுகள் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் கையெழுத்திட்ட உடன்பாட்டால் யென்னின் மதிப்பு விரைந்து ஏறிற்று. ஜப்பானியக் கிட்டார் அயல்நாட்டில் மலிவுப் பொருளாக இருக்க இயலாமற் போயிற்று. தொழிலின் பெரும்பங்கு கொரியாவுக்குப் பெயர்ந்தது. மட்சுமொகு ஆலை 1987-இல் மூடப்பட்டது. ஃபெர்னாண்டஸ் நிறுவனமும் 2024-இல் நொடித்துப்போயிற்று. அக்கைகளின் வேலைக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று, நம் அறைகளில் சாய்த்து வைத்திருக்கும் இந்தக் கருவிகள் மட்டுமே. அவற்றில் பெயரை அழிப்பது ஒரு வரலாற்றை அழிப்பதாகும்.

நம் கிட்டார் என்னாயிற்று? மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவர் ஒட்டியிருந்த பொன்னெழுத்தை மெல்ல நீக்கித் தந்தார். அடியில் கிரெகோ என்ற பெயர் இருக்கும் என்று நம் மகளும் நாமும் ஆவலோடு காத்திருந்தோம். இல்லை. முன்னவர் அதை முழுவதுமாகத் தேய்த்துவிட்டிருந்தார். கரிய பரப்பில் மங்கலான ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. புதிதாகக் கிரெகோ எழுத்தை ஒட்டிவிடலாமா என்று நண்பர் கேட்டார். இணையத்தில் அதுவும் கிடைக்கிறதாம்! வேண்டாம் என்றோம்.

தலைப்பகுதியின் பின்புறத்தில் ஓரெழுத்தும் ஆறு இலக்கங்களும் அழியாமல் இருக்கின்றன. நம் மகள் அதைக் கணக்கிட்டு, "மே மாசம், எழுபத்தொன்பது" என்றாள். பெயர் தெரியாத புலவரை அவர் பாட்டின் சொல்லைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்த மரபு நம்முடையது. இந்தக் கிட்டாரை நாங்கள் 'மே எழுபத்தொன்பது' என்றே அழைக்கிறோம். டூப்ளிகேட்டா என்று அவள் இப்போது கேட்பதில்லை. மாலையில் கல்லூரியிலிருந்து திரும்பினால் அவள் அறையிலிருந்து தடித்த கம்பியில் விரல் வழுக்கி இறங்கும் ஒலி கேட்கிறது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் அஷிகாகா கல்வி வாரியத்தின் பக்கம் நிற்கிறார்.